உளநோய்களில் உடலின் அழுத்த எதிர்வினை

உளநோய்களில் உடலின் அழுத்த எதிர்வினை என்பது, மனச்சோர்வு, மனச்சிதைவு, இருமுனைப் பிறழ்வு, பதற்ற நோய்கள் முதலிய உளநோய்கள் உள்ளவர்களின் உடல் நெருக்கடியான சூழலை எதிர்கொள்ளும் விதத்தைக் குறிக்கும். நெருக்கடி நேரும்போது இதயத் துடிப்பு, குருதி அழுத்தம், சுரப்பிகளின் சுரப்பு, நோய் எதிர்ப்பாற்றல், உறக்கம் ஆகியன மாறுவது எல்லா மனிதர்க்கும் பொதுவானது. உளநோய் உள்ளவர்களுள் பலரிடம் இம்மாற்றங்கள் மிகுதியாகவோ, குறைவாகவோ, நெடுநேரம் தணியாமலோ காணப்படுகின்றன. இவ்வேறுபாடு எல்லா நோய்களிலும் ஒரே திசையில் அமைவதில்லை. உளநோய் என்பது "மனத்தின் பலவீனம்" மட்டுமே என்ற பரவலான எண்ணத்திற்கு மாறாக, அதற்கு அளவிடத்தக்க உடல்சார் பக்கமும் உண்டு என்பதை இத்துறை ஆய்வுகள் காட்டுகின்றன.

பெயர் விளக்கம்

தமிழில் "மன அழுத்தம்" என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. வேலைச்சுமை, கடன், இழப்பு போன்றவற்றால் ஏற்படும் நெருக்கடி நிலை ஒன்று. மருத்துவர்கள் நோயாகக் கொள்ளும் மனச்சோர்வு மற்றொன்று. இவ்விரண்டும் வேறானவை. இலங்கைத் தமிழ் மருத்துவ வழக்கில் முதலாவது "நெருக்கீடு" எனப்படுகிறது. இக்கட்டுரையில் "அழுத்தம்" என்பது முதற்பொருளையும், "மனச்சோர்வு" என்பது நோயையும் குறிக்கும்.

இயல்பான அழுத்த எதிர்வினை

உடலின் அழுத்த எதிர்வினை இரு வழிகளில் நிகழ்கிறது.

விரைவு வழி: ஆபத்தை உணர்ந்த சில நொடிகளிலேயே மூளை, பரிவு நரம்பு மண்டலத்தைத் தூண்டுகிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகளின் உட்பகுதி அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகியவற்றைக் குருதியில் கலக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமடைகிறது, கண்ணின் பாவை விரிகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, செரிமானம் மந்தமாகிறது. வயலில் காலருகே பாம்பைக் கண்டவர் எண்ணிப் பார்க்கும் முன்பே பின்னுக்குத் தாவுவது இவ்வழியின் பயனாகும்.

மெதுவான வழி: மூளையின் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி ஒரு தூண்டு ஹார்மோனைச் சுரக்கிறது. அது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி மற்றொரு ஹார்மோனைக் குருதியில் விடுகிறது. அது அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதியை அடைந்து கார்ட்டிசோல் சுரக்கச் செய்கிறது. நெருக்கடி தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் கார்ட்டிசோல் உச்ச அளவை எட்டும். இது குருதியில் சர்க்கரையைக் கூட்டி உடலுக்கு ஆற்றல் அளிக்கிறது, அழற்சியைக் கட்டுப்படுத்துகிறது.

இவ்வமைப்பின் சிறப்பு அது தன்னைத்தானே தணித்துக் கொள்வதாகும். கார்ட்டிசோல் போதிய அளவு கூடியதும், மூளையின் ஹிப்போகாம்பஸ், ஹைப்போதலாமஸ் ஆகியவற்றில் உள்ள ஏற்பிகள் அதை உணர்ந்து மேற்கொண்டு சுரப்பதை நிறுத்தச் செய்கின்றன. தொட்டி நிறைந்ததும் மிதவை எழுந்து குழாயை மூடுவதை இதற்கு ஒப்பிடலாம். மேலும், கார்ட்டிசோலுக்கு ஒரு நாள் ஒழுங்கு உண்டு. விழித்தெழுந்த அரைமணி நேர அளவில் அது மிகுந்து, பகல் முழுதும் படிப்படியாகக் குறைந்து, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்த அளவை அடைகிறது.

ஆய்வு வரலாறு

அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "போரிடு அல்லது ஓடு" என்னும் எதிர்வினையை விளக்கினார். கனடாவில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே 1936இல், வெவ்வேறு வகையான தீங்குகளுக்கும் உடல் ஒரே மாதிரியான எதிர்வினையைக் காட்டுவதை எலிகளில் கண்டு எழுதினார். எச்சரிக்கை, எதிர்த்து நிற்றல், களைத்துப்போதல் என மூன்று நிலைகளை அவர் வகுத்தார். 1993இல் புரூஸ் மெக்கீவனும் எலியட் ஸ்டெல்லரும், அழுத்த எதிர்வினை அடிக்கடி இயங்குவதாலும் தணியாமல் நீடிப்பதாலும் உடலில் சேரும் தேய்மானத்தை ஒரு தனிக் கருத்தாக முன்வைத்தனர்.

உளநோய்களைப் பொறுத்தவரை, 1977இல் ஜோசப் ஜூபினும் பானி ஸ்பிரிங்கும் முன்வைத்த "ஊறுபடுதன்மை" கோட்பாடு குறிப்பிடத்தக்கது. ஒவ்வொருவரிடமும் பிறப்பாலும் வளர்ப்பாலும் அமைந்த ஓர் ஊறுபடுதன்மை உள்ளது. வாழ்வின் அழுத்தம் அதன் எல்லையைக் கடக்கும்போது மனச்சிதைவு வெளிப்படுகிறது என்பது இதன் சாரம். ஊறுபடுதன்மை குறைந்தவர் பெரும் நெருக்கடியையும் தாங்குவர். மிகுந்தவர்க்குச் சிறு நெருக்கடியும் போதுமானதாகிறது. எனவே, "இதே துன்பம் எல்லோருக்கும்தான் வந்தது, இவருக்கு மட்டும் ஏன் நோய்?" என்னும் கேள்விக்கு இக்கோட்பாடு விடையளிக்கிறது.

நோய்வாரியாகக் காணப்படும் மாற்றங்கள்

மனச்சோர்வு

கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுள் ஒரு பகுதியினரிடம் கார்ட்டிசோல் நாள் முழுதும் கூடுதலாகவும், இரவிலும் போதிய அளவு குறையாமலும் காணப்படுகிறது. தணிக்கும் ஏற்பிகள் சரிவர இயங்காமையே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. டெக்சாமெத்தசோன் என்னும் செயற்கை ஸ்டீராய்டை இரவில் கொடுத்தால், இயல்பான உடலில் மறுநாள் கார்ட்டிசோல் சுரப்பு அடங்கும். இவர்களுள் பலரிடம் அது அடங்குவதில்லை. 1981இல் பெர்னார்டு கேரலும் உடன் பணியாற்றியோரும் இச்சோதனையை மனச்சோர்வைக் கண்டறியும் வழியாக முன்வைத்தனர். எனினும் நோய் இருந்தும் சோதனை இயல்பாக இருந்தவர்களும், நோயின்றியே மாறுபட்டவர்களும் பலர் இருந்தமையால் அது பொதுவழக்கில் நிலைக்கவில்லை. மிகுதியாக உண்டு, மிகுதியாக உறங்கும் வகை மனச்சோர்வில் கார்ட்டிசோல் மிகாமலும் இருக்கலாம்.

அட்ரினல் மிகைச் சுரப்பால் வரும் குஷிங் நோயிலும், ஸ்டீராய்டு மருந்துகளை உயர்ந்த அளவில் உட்கொள்வோரிடமும் மனநிலை மாற்றங்கள் தோன்றுவது, கார்ட்டிசோலுக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்துகிறது.

மனச்சிதைவு

மனச்சிதைவில் காணப்படுவது இருமுகமான மாற்றம் ஆகும். அமைதியான நேரத்தில் கார்ட்டிசோல் சற்று மிகுந்திருக்கிறது. ஆனால் விழித்தெழும்போதும், பிறர் முன்னிலையில் பேசுதல் போன்ற சமூக நெருக்கடியின்போதும் எழவேண்டிய உயர்வு மந்தமாக உள்ளது. எப்போதும் பாதி ஏறிய நிலையிலிருக்கும் எந்திரம், மேடு வரும்போது வேகம் கூட்ட இயலாமல் திணறுவதைப் போன்றது இது. அழுத்தம் மூளையில் டோப்பமைன் என்னும் வேதிப்பொருளின் வெளிப்பாட்டையும் கூட்டுகிறது. மனச்சிதைவின் ஐயங்களும் இல்லாத குரல்கள் கேட்பதும் டோப்பமைன் மிகையோடு தொடர்புடையன. இதனால் நெருக்கடி நேரும்போது நோய்க்குறிகள் கூடுவதற்கு ஓர் உடலியல் விளக்கம் கிடைக்கிறது.

வெளித்தோற்றத்தில் உணர்ச்சியற்றவராகக் காணப்படும் நோயாளி உள்ளே அமைதியாக இருக்கிறார் என்று கொள்ளக்கூடாது. முகத்தில் எதுவும் தெரியாதபோதும் அவர் கடும் அழுத்தத்தை உணர்ந்துகொண்டிருக்கலாம்.

இருமுனைப் பிறழ்வு

இந்நோயில் உறக்கக் குறைவு மிக முதன்மையான தூண்டுகோல் ஆகும். திருவிழா, திருமணம், இரவுப் பணி, நெடும்பயணம் ஆகியவற்றால் சில இரவுகள் உறக்கம் கெட்டாலே சிலரிடம் மிகையெழுச்சி நிலை தொடங்கிவிடும். துயரமான நிகழ்வுகள் மட்டுமல்லாது மகிழ்ச்சியான நிகழ்வுகளும் உடலுக்கு அழுத்தமாக அமையலாம் என்பதற்கு இது சான்றாகும்.

பதற்ற நோய்களும் பீதித் தாக்கமும்

பீதித் தாக்கத்தில் விரைவு வழி காரணமின்றி முழு வேகத்தில் இயங்குகிறது. வேகமாக மூச்சு வாங்குவதால் குருதியில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால் விரல்களும் வாயோரமும் மரத்துப்போதல், தலைசுற்றல் ஆகியன உண்டாகின்றன. இவற்றை மாரடைப்பின் அறிகுறியாக எண்ணி அச்சம் மேலும் வளர, தாக்கம் கடுமையாகிறது. வழக்கமாகச் சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து பின் தணியும்.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்தச் சீர்குலைவு

போர், பேரிடர், வன்முறை ஆகியவற்றிற்குப் பின் வரும் இந்நோயில் நார்அட்ரினலின் மிகுந்திருக்க, கார்ட்டிசோல் எதிர்பார்ப்பதற்கு மாறாகச் சிலரிடம் குறைந்து காணப்படுகிறது. தணிக்கும் ஏற்பிகள் அளவுக்கு மீறிக் கூருணர்வு பெற்றிருப்பதே இதற்குக் காரணம் என ரேச்சல் யெஹுதா முதலானோர் விளக்கினர். எல்லா ஆய்வுகளிலும் இம்முடிவு கிடைக்கவில்லை. 26 திசம்பர் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரை ஊர்களிலும், உள்நாட்டுப் போர்க்காலத்தில் வட இலங்கையிலும் இந்நோய் ஆராயப்பட்டது. யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளத்தாக்கத்தைத் தனிமனிதரிடம் மட்டுமன்றிக் குடும்பம், ஊர் என்னும் அளவிலும் காணவேண்டும் என எழுதியவர்களுள் முதன்மையானவர்.

மதுச் சார்பு

மது முதலில் அழுத்தத்தைத் தணிப்பதுபோல் தோன்றினும், தொடர்ந்து அருந்துவோரிடம் அழுத்த அமைப்பு மிகையாக இயங்கத் தொடங்குகிறது. திடீரென நிறுத்தும்போது கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்பு, மனக்குழப்பம் ஆகியன ஏற்படலாம். இது உயிருக்கு ஆபத்தானதாகவும் அமையலாம் என்பதால், நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவ மேற்பார்வையில் நிறுத்துவதே முறை.

உடல்நலத்தில் ஏற்படும் விளைவுகள்

தணியாத அழுத்த எதிர்வினை குருதியில் சர்க்கரையையும் வயிற்றுப்பகுதிக் கொழுப்பையும் கூட்டுகிறது. குருதி அழுத்தத்தை உயர்த்துகிறது. குறைந்த அளவிலான அழற்சியை நீடிக்கச் செய்கிறது. இவற்றுடன் புகைபிடித்தல், உடலுழைப்பின்மை, வறுமை, உடல் எடையைக் கூட்டும் சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியனவும் சேர்கின்றன. கடும் உளநோய் உள்ளவர்கள் பிறரைவிட ஏறத்தாழ 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. இவ்விறப்புகளுள் பெரும்பாலானவை இதயநோய், நீரிழிவு, தொற்றுநோய் முதலிய உடல்நோய்களால் நேர்வன.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. உளநோய் உள்ளவர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எனக் கூறும்போது "எல்லாம் மனப்பிரமை" என்று குடும்பத்தாரும், சிலபோது மருத்துவப் பணியாளரும் ஒதுக்கிவிடுகின்றனர். தமிழ்ச் சமூகத்தில் உளத்துன்பம் "நெஞ்சு படபடக்கிறது", "வயிற்றைப் பிசைகிறது", "உடம்பெல்லாம் எரிகிறது" என உடல்மொழியிலேயே பெரும்பாலும் சொல்லப்படுவதால், எது அழுத்தத்தின் அறிகுறி, எது உடல்நோயின் அறிகுறி எனப் பிரித்தறிவது எளிதன்று. ஆகவே புதிதாகத் தோன்றும் நெஞ்சுவலியை, ஒருவருக்குப் பீதி நோய் முன்பே இருந்தாலும், உடல் பரிசோதனை செய்யாமல் ஒதுக்கக்கூடாது.

வெயிலும் மருந்துகளும்

வெப்பமும் உடலுக்கு ஓர் அழுத்தமே. தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் கத்திரி வெயில் காலத்தில் உளநோய் மருந்து உட்கொள்வோர் கூடுதல் கவனமாக இருத்தல் வேண்டும். மனச்சிதைவுக்கான சில மருந்துகள் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டைப் பாதிக்கின்றன. கைநடுக்கம், விறைப்பு ஆகியவற்றைக் குறைக்க உடன் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் போன்ற மருந்துகள் வியர்வையைக் குறைக்கின்றன. இதனால் வெப்பவாதம் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது.

இருமுனைப் பிறழ்வுக்குத் தரப்படும் லித்தியம் தனிக் கவனத்திற்குரியது. வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் நோன்பு ஆகியவற்றால் உடலில் நீரும் உப்பும் குறையும்போது குருதியில் லித்தியம் அளவு கூடி நஞ்சாகலாம். கைநடுக்கம் மிகுதல், வாந்தி, நடை தள்ளாடுதல், பேச்சு குழறுதல் ஆகியன இதன் அறிகுறிகள். குடித்தவர் போலத் தோன்றும் இந்நிலையை நோயின் சேட்டை எனக் கருதாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். உப்பில்லா உணவு முறையை மருத்துவரிடம் கேளாமல் இவர்கள் மேற்கொள்ளலாகாது.

குடும்பச் சூழல்

இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் முதலானோர் 1950களிலும் 1960களிலும் நடத்திய ஆய்வுகளில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளுள், ஓயாத குறைகூறலும் பகைமையும் அளவுமீறிய தலையீடும் உள்ள குடும்பங்களுக்குச் சென்றவர்கள் மீண்டும் நோயுறுவது மிகுதி எனக் கண்டறியப்பட்டது. சண்டிகரில் நடைபெற்று 1987இல் வெளியான ஆய்வுகள், இத்தகைய குடும்பங்கள் இலண்டனைவிட அங்குக் குறைவு என்று தெரிவித்தன.

இம்முடிவுகளைக் குடும்பத்தாரே நோய்க்குக் காரணம் எனப் பொருள்கொள்வது தவறு. நெடுங்காலம் நோயாளியைப் பேணுவதே பெரும் அழுத்தம். பேணுவோரின் உடலும் அதனால் தேய்கிறது. நோய் குறித்த விளக்கமும் ஓய்வும் உதவியும் கிடைக்கும் குடும்பங்களில் நோயாளி மீண்டும் நோயுறுவது குறைகிறது.

காஞ்சிபுரம் மாவட்ட ஆய்வு

தமிழ்நாட்டில் மனச்சிதைவு குறித்த ஆய்வுகளுக்கு நீண்ட மரபு உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன் 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை (ஸ்கார்ஃப்) தொடங்கினார். ரா. தாரா முதலானோர் 1981 முதல் முதன்முறை நோயுற்ற 90 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த சென்னை நெடுங்கால ஆய்வு உலக அளவில் எடுத்துக்காட்டப்படுகிறது.

கிராமப்புறத்தைப் பொறுத்தவரை, 2014இல் லான்செட் இதழில் வெளியான கோப்சி ஆய்வு குறிப்பிடத்தக்கது. இது காஞ்சிபுரம் மாவட்டம் (செங்கல்பட்டு தனி மாவட்டமாக 2019இல் பிரிக்கப்படுவதற்கு முந்தையது), மகாராட்டிரத்தின் சாத்தாரா, கோவா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரிடம் நடத்தப்பட்டது. 187 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சையுடன், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் வீடுதேடிச் சென்று உதவும் முறையும் சேர்த்து வழங்கப்பட்டது. 95 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் தொடர்ந்தது. 12 மாத முடிவில், முதற்குழுவினரின் நோய்க்குறிகளும் செயலிழப்பும் ஓரளவு கூடுதலாகக் குறைந்திருந்தன. மூன்று இடங்களுள் தமிழ்நாட்டின் கிராமப்புறப் பகுதியில் பயன் தெளிவாகத் தெரிந்தது. எனினும் நோய்க்குறிகள் 20 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தவர்களின் விகிதம் இரு குழுக்களிலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது.

இவ்வாய்வின் முடிவுகள் நோய்க்குறிகளையும் அன்றாடச் செயல்திறனையும் பற்றியவை. கார்ட்டிசோல் பற்றியவை அல்ல. ஆயினும் புள்ளலூர் போன்ற வேளாண் ஊர்களுக்கு இதன் பொருள் முதன்மையானது. உளமருத்துவரைக் காண ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் இழக்கவேண்டிய இடத்தில், மருந்தை நினைவூட்டவும், குடும்பத்துடன் பேசவும், வேலைக்குத் திரும்ப உதவவும் உள்ளூரிலேயே ஒருவர் இருப்பது அழுத்தத்தை அதன் ஊற்றிலேயே குறைக்கும் வழியாகும்.

சட்டமும் சமூகமும்

6 ஆகத்து 2001 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் நேர்ந்த தீ விபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த உளநோயாளிகள் 28 பேர் இறந்தனர். ஆபத்தைக் கண்டு ஓடுவதற்கு உடல் முழுமையாகத் தூண்டப்பட்ட நிலையிலும் ஓட இயலாதபடி கட்டிவைக்கப்பட்டிருந்த அவர்களின் மரணம் நாட்டை உலுக்கியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உளநோய் உள்ளவரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளப்படவேண்டும் என்றும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்றும் இச்சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது. இவ்வாறு அழுத்தம் என்னும் மருத்துவக் கருத்து இந்தியச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது.

அளவிடும் முறைகளும் வரம்புகளும்

உமிழ்நீர், குருதி, சிறுநீர், தலைமுடி ஆகியவற்றில் கார்ட்டிசோலை அளக்கலாம். 1993இல் செருமனியின் டிரியர் நகரில் உருவாக்கப்பட்ட சோதனையில், பங்கேற்பவர் நடுவர்கள் முன் பேசவும் மனக்கணக்குச் செய்யவும் வேண்டும்; அதன்போது ஏற்படும் மாற்றங்கள் அளக்கப்படுகின்றன. இதயத் துடிப்புகளுக்கிடையே உள்ள கால வேறுபாடும் ஓர் அளவீடாகும். மனச்சோர்விலும் மனச்சிதைவிலும் இவ்வேறுபாடு குறைந்து காணப்படுகிறது.

இவை ஆராய்ச்சிக்குப் பயன்படுபவை. ஒரு தனிமனிதரின் கார்ட்டிசோல் அளவைக் கொண்டு அவருக்கு உளநோய் உண்டு அல்லது இல்லை எனக் கூற இயலாது. நாளின் நேரம், உறக்கம், உடல் எடை, புகைபிடித்தல், கருத்தடை மாத்திரை, ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியன அளவை மாற்றும். குஷிங் நோய் போன்ற சுரப்பி நோய் உள்ளதாக மருத்துவர் ஐயுறும்போது மட்டுமே இச்சோதனை சிகிச்சைக்குத் தேவைப்படுகிறது.

தணிக்கும் வழிகள்

உளநோய்க்கான முறையான சிகிச்சையே அழுத்த எதிர்வினையைச் சீராக்கும் முதன்மை வழியாகும். மனச்சோர்வு குணமாகும்போது மிகுந்திருந்த கார்ட்டிசோல் பலரிடம் இயல்பு நிலைக்குத் திரும்புகிறது. ஒழுங்கான உறக்க நேரம், நாள்தோறும் நடைப்பயிற்சி, மது, புகையிலையைத் தவிர்த்தல், மூச்சை மெதுவாக வெளிவிடும் பயிற்சி, உளவியல் ஆலோசனை ஆகியன துணைசெய்யும். யோகப் பயிற்சி துணைச் சிகிச்சையாகப் பயன்படுகிறது, மருந்துக்கு மாற்றாகாது. நலமடைந்ததாகத் தோன்றினாலும் மருந்தைத் தாமாகவே நிறுத்துவது நோய் திரும்புவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும். உளநோய் மருந்து உட்கொள்வோர் உடல் எடை, குருதி அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதித்துக் கொள்ளவேண்டும்.

அரசு மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலமும் இலவசச் சிகிச்சை கிடைக்கிறது. நடுவண் அரசு 10 அக்டோபர் 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.